காணாமற்போன நாய் வீடு திரும்ப: தோலுக்கடியில் ஒரு நிலையான எண்

ஆட்டுப்பட்டிக்குக் காவலாக இருந்த நாய் ஒன்று ஓர் இரவில் காணாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெடிச் சத்தத்திற்கு மிரண்டு ஓடியிருக்கலாம். பெட்டை நாயைத் தேடிப் போயிருக்கலாம். நல்ல இனத்து நாய் என்று கண்டு எவரேனும் பிடித்துச் சென்றிருக்கலாம். பத்து நாட்கள் கழித்து, அதே போன்ற நாய் பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் கட்டியிருப்பதாகத் தகவல் வருகிறது. நேரில் சென்று கேட்டால், "குட்டியாக வாங்கி நான் வளர்த்த நாய் இது" என்கிறார் அவர். பழைய எசமானரைக் கண்ட நாய் வாலை ஆட்டத்தான் செய்கிறது. ஆனால் வாலாட்டுவதைச் சாட்சியாக ஏற்கும் பஞ்சாயத்து எங்கும் இல்லை.

நாய்க்கு மட்டுமல்ல, பசுவுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் இதே நிலைதான். தொலைந்த கால்நடை கிடைத்த பிறகும், அது தம்முடையது என்று மெய்ப்பிக்க முடியாமல் வெறுங்கையுடன் திரும்பும் விவசாயிகள் உண்டு. கால்நடைக்கு அழியாத அடையாளம் ஒன்று இருந்து, அது பதிவேட்டிலும் ஏறியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நாய்களுக்கு இன்று மைக்ரோசிப் என்னும் நுண்சில்லு இதற்காகப் பயன்பட்டு வருகிறது. அது என்ன, எவ்வாறு வேலை செய்கிறது, சிறு விவசாயிக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

சூடும் சுழியும்

கால்நடைகளுக்கு அடையாளம் இடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. மாட்டின் நிறம், கொம்பின் அமைப்பு, நெற்றியிலும் முதுகிலும் உள்ள சுழிகள் ஆகியவற்றைக் கொண்டு நூறு மாடுகளுக்கு நடுவிலும் தம் மாட்டை இனம் காண்போர் இன்றும் உள்ளனர். கிடை போடும் கீதாரிகள் ஆட்டின் காதில் வெட்டு அடையாளம் இடுவர். மேலே வர்ணம் பூசுவர். சிலர் மாட்டிற்குச் சூடு போடுவர். பண்ணைகளில் கன்றுகளின் காது மடலின் உட்புறத்தில் பச்சை குத்தும் வழக்கமும் உண்டு.

இவை ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருக்கிறது. சுழியும் நிறமும் உடையவருக்குத் தெரியும், மற்றவருக்கு விளங்காது. ஒரே மாதிரிச் சுழியுள்ள மாடுகள் பல இருக்கும். வர்ணம் மழையில் கரைந்துவிடும். சூடு போடுவதால் மாடு வேதனைப்படுகிறது. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கிறது. தோலின் மதிப்பும் குறைகிறது. பச்சை குத்திய எண் கறுத்த காதில் சில ஆண்டுகளில் தெரியாமற்போகும். காது வெட்டு அடையாளத்தைப் போல மற்றொருவரும் வெட்டிக்கொள்ளலாம்.

நாய்களின் நிலை இன்னும் கடினமானது. வெள்ளை நிற இராஜபாளையம் நாய் ஈன்ற ஏழெட்டுக் குட்டிகளை அருகருகே விட்டுப் பார்த்தால் எது எது என்று வளர்ப்பவரே திணறுவார். கழுத்துப் பட்டையில் பெயரும் எண்ணும் எழுதிக் கட்டலாம். ஆனால் பட்டையை அறுத்தெறிய ஒரு கத்தி போதும். எவராலும் எளிதில் எடுக்க முடியாத, நாயின் ஆயுள் முழுவதும் உடனிருக்கும் அடையாளம் தேவைப்பட்டதால் மைக்ரோசிப் முறை வழக்கத்திற்கு வந்தது.

மைக்ரோசிப் என்பது என்ன?

மைக்ரோசிப் ஏறத்தாழ ஓர் அரிசியின் அளவே இருக்கும். நீளம் சுமார் 12 மி.மீ.; பருமன் சுமார் 2 மி.மீ. உடலுக்குத் தீங்கு செய்யாத ஒரு வகைக் கண்ணாடிக் குழலுக்குள் நுண்ணிய மின்சுற்று ஒன்றும், மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் அடைக்கப்பட்டிருக்கும். இதில் மின்கலம் எதுவும் கிடையாது. ஆகையால் தீர்ந்துபோகவோ மாற்றவோ வேண்டியதில்லை.

இதைப் படிப்பதற்கென்று கையில் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. அக்கருவியை நாயின் தோள்மீது மெதுவாக நகர்த்தினால், கருவியிலிருந்து வரும் வானொலி அலை சிப்பிலுள்ள கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். உடனே சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். கருவியின் திரையில் 15 இலக்க எண் தெரியும். கருவியை எடுத்துவிட்டால் சிப் மீண்டும் உறங்கிவிடும். பல நாடுகளும் ஒப்புக்கொண்ட தரத்தின்படி இவை 134.2 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 15 இலக்கங்களில் முதல் மூன்றும் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். இந்தியாவிற்குரிய எண் 356. 9 என்று தொடங்கினால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் குறியீடாக இருக்கும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிப் பொருத்திவிட்டால் நாய் எங்கே சுற்றுகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. சிப்புக்கு இடம் காட்டும் ஆற்றல் கிடையாது. கருவியைச் சில அங்குல தூரத்திற்குள் கொண்டுவந்தால்தான் எண் தெரியும். தொலைந்த நாயைச் சிப் தேடித் தராது. கிடைத்த நாய் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அந்த எண்ணிலும் உடையவரின் பெயரோ ஊரோ இராது.

கோயில் யானைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. வளர்ப்பு யானைகளை ஒன்றுக்கொன்று மாற்றி முறைகேடு செய்யாமலிருக்க அவற்றிற்கும் மைக்ரோசிப் பொருத்தப்பட்டு, எண் பதிவு செய்யப்பட்டுள்ளது. யானைக்குப் பொருத்துவதும் நாய்க்குப் பொருத்துவதும் அடிப்படையில் ஒன்றே.

பொருத்தும் முறை

தடுப்பூசி போடுவது போலவே சிப்பும் ஊசி மூலம் பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு சிப்பும் கிருமி நீக்கிய தனி ஊசியில் அடைத்தே வருகிறது. சாதாரண ஊசியைக் காட்டிலும் இது சற்றுத் தடிமனானது. நாயின் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில், முதுகின் மையத்தில், தோலைத் தூக்கிப் பிடித்து அதனடியில் செலுத்தப்படும். மயக்க மருந்து தேவையில்லை. நாய் ஒரு நொடி முனகலாம், அவ்வளவே.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரமானதும் பொருத்தலாம். முதல் தடுப்பூசிக்குக் கொண்டு செல்லும்போதே இதையும் முடித்துக்கொள்வது வசதி. வயதான நாய்க்கும் பொருத்தலாம்; ஆனால் நோயுற்றிருக்கும்போதும், அந்த இடத்தில் புண்ணோ சொறியோ இருக்கும்போதும் தள்ளிப்போட வேண்டும்.

பொருத்துமுன் கருவியால் ஒருமுறை பார்க்க வேண்டியது அவசியம். விலைக்கு வாங்கிய நாய்க்கு ஏற்கெனவே சிப் இருக்கக்கூடும். பொருத்திய பின்னரும் உடனே ஒருமுறை படித்து, திரையில் தெரியும் எண்ணும் உறையில் ஒட்டியுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று உடையவர் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். உறையுடன் வரும் எண் ஒட்டியைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டொரு நாள் அந்த இடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது, குளிப்பாட்டவும் வேண்டாம். சில நாய்களில் சிப் தோலடியில் நகர்ந்து தோளுக்கோ முன்னங்கால் பக்கத்திற்கோ இறங்குவதுண்டு. அதனால் உடலுக்குக் கேடில்லை. ஆனால் படிப்பவர் முதுகுடன் நிறுத்திக்கொள்ளாமல் கழுத்து, தோள், முன்னங்கால் என எல்லா இடங்களிலும் கருவியை நகர்த்திப் பார்க்க வேண்டும். வீக்கமோ சீழோ காண்பது அரிது. கண்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். மிகச் சில சிப்புகள் பழுதாவதும் வெளியே வந்துவிடுவதும் உண்டு. எனவே ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது சிப்பையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பதிவேடே முக்கியம்

மைக்ரோசிப்பின் பயனை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த நாய், பூனைகளைக் குறித்த அதன் முடிவுகள் 2009ஆம் ஆண்டில் வெளியாயின. வழிதவறி வந்த நாய்களில் பொதுவாக 100க்கு 22 மட்டுமே உடையவரிடம் திரும்பின. சிப் இருந்த நாய்களில் 100க்கு 52 திரும்பின. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது. பொதுவாக 100க்கு 2 பூனைகள்கூட வீடு திரும்பவில்லை; சிப் இருந்தவற்றில் 38 திரும்பின.

சிப் இருந்தும் திரும்பாத மற்ற நாய்களுக்கு என்ன நேர்ந்தது? நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். உடையவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போன நேர்வுகளில் 100க்கு 35இல், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறானது அல்லது துண்டிக்கப்பட்டது. சிலவற்றில் சிப் ஒரு பதிவேட்டிலும், தேடியது மற்றொரு பதிவேட்டிலுமாக இருந்தது. 100க்கு 10 நேர்வுகளில் எண் எந்தப் பதிவேட்டிலும் ஏறவே இல்லை. ஊசி போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். சிப் நன்றாகவே வேலை செய்தது. அதன் பின்னால் இருந்த ஏடுதான் கைவிட்டது.

நம் நாட்டில் நாய்களுக்கு ஒரே பொதுப் பதிவேடு என்று இல்லை. மாநகராட்சி உரிமம் வழங்குமிடத்தில் ஒரு பதிவு, இனச் சான்று வழங்கும் கென்னல் கிளப்பில் ஒரு பதிவு, சிப் விற்கும் நிறுவனத்தில் ஒரு பதிவு எனப் பலவாக உள்ளன. ஆகையால் சிப் பொருத்தும்போதே, "இந்த எண் எந்தப் பதிவேட்டில் ஏறும்? யார் ஏற்றுவார்கள்? கைபேசி எண் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விடை கிடைக்காத இடத்தில் சிப் பொருத்துவதால் பயனில்லை.

கிராமத்து நாய்க்குத் தேவையா?

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் எல்லா வளர்ப்பு நாய்களுக்கும் மைக்ரோசிப் கட்டாயமாயிற்று. சென்னை மாநகராட்சியும் 2025ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, மைக்ரோசிப் மூன்றையும் சேர்த்து முகாம்கள் நடத்தியது. ஆடு வளர்ப்பில் பெயர்பெற்ற நியூசிலாந்தில் 2006 ஜூலை முதல், புதிதாகப் பதிவு செய்யப்படும் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். ஆனால் பண்ணையில் ஆடுமாடுகளை மேய்க்கவும் ஓட்டவும் பயன்படும் நாய்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விலக்கு அளித்துள்ளது. பண்ணை நாயின் நிலை நகரத்து நாயின் நிலையிலிருந்து வேறானது என்பது அங்கும் உணரப்பட்டுள்ளது.

நம் கிராமங்களில் கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் சிப் படிக்கும் கருவி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. படிக்கக் கருவி இல்லாத ஊரில் சிப் இருந்தும் இல்லாதது போலத்தான். எனவே தெருவாசலில் சோறு தின்று படுத்திருக்கும் நாய்க்கு இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அந்த நாய்க்குத் தேவை கைபேசி எண் எழுதிய கழுத்துப் பட்டையும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன் அட்டையும்தான்.

ஆனால் மூன்று தரப்பினருக்கு மைக்ரோசிப் உண்மையாகவே பயன்படும். முதலாவது, இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு இன நாய்களை வளர்த்துக் குட்டி விற்பவர்கள். தாய் தந்தை பற்றிய சான்றிதழ் இந்தக் குட்டிக்கு உரியதுதானா என்று வாங்குபவர் கேட்டால், அதற்கு விடை சொல்வது சிப் எண்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவிலும் இந்த எண் இடம் பெறுகிறது. நல்ல குட்டிக்கு நல்ல விலை கேட்க இது துணை செய்யும்.

இரண்டாவது, விலை கொடுத்து வாங்கிய காவல் நாயை நம்பித் தோட்டத்தையும் பட்டியையும் விட்டுச் செல்பவர்கள். திருட்டுப்போன நாய் கைமாறிய இடத்தில், பட்டை அறுந்திருந்தாலும் எண் உள்ளே இருக்கும். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்த எண்ணைக் குறிப்பிடலாம். மூன்றாவது, ஊர்விட்டு ஊர் மந்தை ஓட்டிச் செல்லும் கீதாரிகள். வழியில் தவறிப்போகும் நாய் பழைய ஊருக்கும் திரும்பாது. புதிய ஊரிலும் அதை அறிந்தவர் இரார்.

சிப் இருந்தாலும் பட்டையைக் கழற்றிவிடக் கூடாது. நாயைக் கண்டெடுக்கும் சாதாரண மனிதரின் கையில் கருவி இராது. அவர் பார்க்கக்கூடியது பட்டையில் உள்ள கைபேசி எண்ணைத்தான். பட்டை முதல் துணை. சிப் கடைசித் துணை.

நாய் எவரையாவது கடித்துவிட்ட நேரத்திலும் அடையாளம் உதவுகிறது. அது யாருடைய நாய், தடுப்பூசி போட்டதா என்பது அட்டையும் எண்ணும் இருந்தால் உடனே தெரியும். ஆயினும் அட்டையை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாட்டிற்கு ஏன் காது வில்லை?

"நாய்க்கே சிப் என்றால், பல ஆயிரம் ரூபாய் பெறும் பசுவிற்கு ஏன் இல்லை?" என்று விவசாயிகள் கேட்கலாம். இறைச்சிக்குப் போகும் விலங்கின் தோலடியில் கண்ணாடிச் சிப்பை வைத்தால், அது இறைச்சியோடு கலந்துவிடும் அபாயம் உண்டு. எனவேதான் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் காது வில்லையே பெரிதும் வழக்கத்தில் உள்ளது. ஆடுகள் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் 2009ஆம் ஆண்டின் இறுதி முதல் ஆடுகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயமாக்கப்பட்டபோதும், சிப்பைக் காது வில்லைக்குள் வைத்தார்கள். அல்லது கனமான பீங்கான் குண்டுக்குள் வைத்து விழுங்கச் செய்தார்கள். அந்தக் குண்டு ஆட்டின் இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும்.

நம் நாட்டில் மாடு, எருமைகளின் காதில் பொருத்தப்படும் மஞ்சள் நிற வில்லையை விவசாயிகள் அறிவர். கம்மல் என்று சிலர் சொல்வதும் இதைத்தான். அதில் 12 இலக்க எண் உண்டு. கோமாரி, கன்று வீச்சு நோய்களைக் கட்டுப்படுத்த 2019ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் தடுப்பூசி போடப்படும் மாடுகளுக்கு இந்த வில்லை பொருத்தப்படுகிறது. எண்ணும், உடையவர் பெயரும், தடுப்பூசி, சினை ஊசி விவரங்களும் பாரத் பசுதன் என்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்றப்படுகின்றன. நாய்களுக்கு இல்லாத ஒரே பொதுப் பதிவேடு மாடுகளுக்கு இருக்கிறது. இந்த வசதியைத் தவறவிடக் கூடாது.

காது வில்லை அழகைக் கெடுக்கிறது என்றோ, காதில் புண் வரும் என்றோ சிலர் அறுத்தெறிந்துவிடுகின்றனர். இதனால் வரும் நட்டம் பெரிது. காப்பீடு செய்த மாடு இறந்துபோனால், வில்லை இல்லாத மாட்டிற்கு இழப்பீடு இல்லை என்பதே காப்பீட்டு நிறுவனங்களின் பொதுவான நிபந்தனை. தவணை கட்டியவர் ஒரு சிறு மஞ்சள் வில்லைக்காக மொத்தத் தொகையையும் இழக்க நேரிடும். வில்லை தானாக விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்தில் தெரிவித்துப் புதிய வில்லை பொருத்தி, பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிக் காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காதில் புண் கண்டால் வில்லையை அறுக்காமல் மருந்து போட்டு ஆற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

சந்தையில் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசி மாடு வாங்குவோர், மூக்கணாங்கயிறு கைமாறியதும் வியாபாரம் முடிந்ததாக எண்ணுகின்றனர். பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த மாடு இன்னும் பழைய உடையவருடையதுதான். நாளை அது திருட்டு மாடு என்று வழக்கு வந்தாலோ, வெள்ளத்தில் இறந்து நிவாரணம் கேட்டாலோ புதிய உடையவரின் பெயர் அங்கே இராது. விற்றவருக்கும் தொல்லை உண்டு. அந்த மாடு வயலில் இறங்கி மேய்ந்தாலும், நாயானால் எவரையேனும் கடித்தாலும், எண்ணைப் பார்த்து வருபவர்கள் அவர் வீட்டிற்கே வருவார்கள். ஆகவே கால்நடை கைமாறும்போது பதிவேட்டில் பெயரையும் மாற்ற வேண்டும்.

விவசாயிகள் கவனத்திற்கு

1. சிப் எண்ணையோ காது வில்லை எண்ணையோ இரண்டு இடங்களில் எழுதி வைக்கவும். ஒன்று தடுப்பூசி அட்டை. மற்றொன்று வீட்டில் பத்திரப்படுத்தும் குறிப்பேடு.

2. கால்நடையின் இருபக்கமும் முகமும் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைக்கவும். மாட்டின் காது வில்லை எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

3. கைபேசி எண் மாறினால் அதே வாரத்தில் பதிவேட்டிலும் மாற்றச் செய்யவும்.

4. நாய்க்குச் சிப் பொருத்துமுன், அது 15 இலக்க எண்ணுள்ள பன்னாட்டுத் தரத்தைச் சேர்ந்ததா என்று கேட்கவும். தரம் மாறுபட்ட பழைய வகைச் சிப்புகளை எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை.

5. வெளியே சென்று சிப் பொருத்திவருமுன், ஊருக்கு அருகில் அதைப் படிக்கும் கருவி எங்குள்ளது என்பதையும், ஆகும் கட்டணத்தையும் கேட்டறிந்துகொள்ளவும்.

6. நாய் காணாமற்போனால் காத்திராமல் அன்றே அருகிலுள்ள மருந்தகங்களுக்கும் காவல் நிலையத்திற்கும் எண்ணுடன் தெரிவிக்கவும்.

7. வழிதவறி வந்த நாயையோ மாட்டையோ கண்டால் பட்டையையும் காதையும் பார்த்துவிட்டுக் கால்நடை மருந்தகத்திற்குத் தகவல் சொல்லவும். அதைத் தேடி அலையும் ஒரு விவசாயி எங்கோ இருப்பார்.

வரும் தடுப்பூசி முகாமுக்குக் கால்நடைகளை ஓட்டிச் செல்லும்போது வில்லை எண்ணைச் சொல்லி, "இந்த எண்ணில் யார் பெயர் இருக்கிறது, எந்தக் கைபேசி எண் இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று. பெயரோ எண்ணோ தவறாக இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். இதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது.